லாம்பியின் பேஸ் கிட்டார்

இப்போதெல்லாம் பாட்டு எந்த ஒயரும் இல்லாமல் காற்றிலேயே வந்துவிடுகிறது. அப்போது அதைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைக்க வேண்டும்.

பிராய்லா என்ற எங்கள் ஊரில், எங்கள் இசைக்குழுவில் மூன்று பேர். நான் பாடினேன் என்று சொல்லிக்கொள்வேன். கேட்டவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். லாம்பி வாசித்தது பேஸ் கிட்டார், அடி ஸ்தாயியில் அதிருகிற கிட்டார். டிரம்ஸ் வாசித்தவன் அதற்குள் இத்தாலிக்குப் போய் ஓடு பதித்துக்கொண்டிருந்தான். நாங்கள் பதிவு செய்தது ஒரே ஒரு பாட்டு. அது என் கம்ப்யூட்டரில் இருந்தது. அதன் கையகல ஸ்பீக்கரில் என் கத்தல் மட்டும்தான் கேட்கும். லாம்பி அந்த அறையில் இருந்ததற்கே அடையாளம் இருக்காது.

ஒரு நாள் மாலை லாம்பி என் வீட்டுக்கு வந்தான். மறுநாள் அவன் தக்காளி பறிக்க ஸ்பெயினுக்கு பஸ் ஏறுகிறான். "போறதுக்குள்ள ஒரு தடவையாவது நான் வாசிச்சது என் காதுல விழணும்டா ஒவிதியு," என்றான்.

என்னிடம் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளோடு, ஒலியைப் பெருக்கும் ஒரு ரிசீவர் இருந்தது. சாதாரண ஒயரில் இணைத்தால் எங்கள் கட்டடத்து மின்சாரத்தின் உறுமல்தான் கேட்கும். பேஸ் அதில் மூழ்கிவிடும். அதனால் கம்ப்யூட்டர் சவுண்டு கார்டின் டிஜிட்டல் துளையிலிருந்து ரிசீவருக்குப் போட, பாட்டை வெளிச்சமாகக் கொண்டுபோகும் ஒளியிழை ஒயர் ஒன்று வாங்கி வந்திருந்தேன். நுனியில் சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது. செருகிப் பாட்டைப் போட்டேன். சத்தமே இல்லை.

"வெளிச்சம் வந்துச்சு. பாட்டைக் கண்ணாலயா கேக்கணும்?" என்றான் லாம்பி, ரொட்டியில் கத்திரிக்காய் விழுதைத் தடவியபடி.

ரிசீவரின் ஒலிக் குமிழைத் திருகினேன். கடைசிவரை திருகினேன். பிறகு கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பட்டியலாகத் துழாவி, டிஜிட்டல் வெளியீடு என்ற கட்டத்தைக் கண்டுபிடித்து டிக் அடித்தேன்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பதறிப்போய்க் கம்ப்யூட்டரில் ஒலிப் பட்டையை இழுத்துக் குறைத்தேன். பூஜ்ஜியத்துக்கு இறக்கியும் அது குறையவில்லை. டிஜிட்டல் வழியாகப் போகிற பாட்டு அந்தப் பட்டையைச் சட்டை செய்யாது என்பது இந்த நிபுணனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ரிசீவரை நோக்கி ஓடினேன். லாம்பி குறுக்கே நின்றுகொண்டான்.

"குமிழைத் தொட்டே, கொன்னுடுவேன்."

கீழ் வீட்டு வெத்தூரியா அம்மா வெந்நீர்க் குழாயில் கரண்டியால் அடிக்க ஆரம்பித்தார். எங்கள் கட்டடத்தில் 'நிறுத்து' என்பதற்கு அதுதான் மொழி. லாம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கடைசிப் பல்லவியில் திறந்தான்.

"ஒரு இடத்துல தப்பா வாசிச்சிருக்கேன்டா."

"ஒவ்வொரு பல்லவியிலயும்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நான் கத்துன கத்துல எனக்கு எங்கடா கேட்டுது?"

பாட்டு முடிந்ததும் கதவு தட்டப்பட்டது. கரண்டியோடு வெத்தூரியா அம்மா. "அடிவயித்துல வந்து இடிக்குதே ஒரு சத்தம், அது யாரு?"

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். லாம்பி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து, தலைமுடியைக் கோதிக்கொண்டான்.

"நான்தாம்மா."

"நல்லா இருக்கு."

"குழாய்ல அடிச்சீங்களே?"

"அது பாடுறவனுக்கு. அவனைக் குறைச்சுட்டு இன்னொரு தடவை போடு."

பாடுகிறவனை மட்டும் தனியாகக் குறைக்க முடியாது என்று விளக்க எனக்கு மனம் வரவில்லை. குமிழைப் பாதிக்குத் திருப்பிவிட்டு மறுபடி போட்டேன். லாம்பி அவருக்கு ஒரு நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.