ஐம்பது அடித்தால் வந்துவிட வேண்டும்

அண்ணனை அணியில் எல்லோரும் ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்து மூன்று வயதில் அங்கே அவன் தாத்தா. மற்றவர்களில் பாதிப் பேருக்கு மீசை இப்போதுதான் அரும்புகிறது. நாட்டின் பெரிய அணிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இரண்டாம் அணி உண்டு. அந்த இரண்டாம் அணிகள் தங்களுக்குள் மோதும் போட்டி இது. இளைஞர்களைத் தயார்செய்து மேலே அனுப்புவதற்காக நடத்துகிறார்கள். டிவியில் வராது. இருபத்து மூன்று முடிந்தால் இதிலும் இடம் கிடையாது. பெரிய அணிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு. இந்த சீசனின் கடைசி ஆட்டம்தான் அண்ணனுக்கும் கடைசி.

நான் அந்த மைதானத்தில் ஸ்கோர் போர்டு பார்த்துக்கொள்கிறேன். பகலில் அது, மாலையில் கணக்கியல் வகுப்பு. போர்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே எண்கள் எழுதிய தகடுகள், வெளியே பார்க்க நீளமாக ஓர் இடுக்கு. அதன் வழியாகப் பார்த்ததை நடந்த வரிசையிலேயே சொல்லப் பார்க்கிறேன். என் கண்ணில் படாமல் போனதும் இருக்கலாம்.

வீட்டில் பேச்சு முன்பே முடிந்திருந்தது.

“இந்தத் தடவையும் எடுக்கலன்னா மாமாவோட டைல்ஸ் கடைக்குப் போயிடணும். அப்புறம் பேச்சு மாறக் கூடாது,” என்றாள் அம்மா.

“எடுப்பாங்கம்மா. கடைசி நாள் செலக்டர் என்னைப் பார்க்கத்தான் வர்றாரு. கோச்சே சொன்னாரு.”

“போன வருஷமும்தான் வந்தாரு. டீ குடிச்சுட்டுப் போனாரு.”

“அன்னைக்கு மழைம்மா.”

“மழைக்கும் உன் மேல என்ன கோபமோ.”

மூன்று நாள் ஆட்டம். முதல் நாள் அண்ணன்தான் தொடக்க ஆட்டக்காரன். காலையில் புதுப் பந்து கண்டபடி வளைந்தது. அவன் உடம்பில் வாங்கினான், விட்டான், தடுத்தான். மதியத்துக்குப் பிறகு பந்து பழசாகி, பந்துவீச்சாளர்கள் இடுப்பில் கைவைத்து நிற்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அவன் ஐம்பதைத் தொட்டான்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம். விதிகளில் கிடையாது, கோச் கொண்டுவந்தது. ஐம்பது அடித்தவன் அவுட் ஆகாவிட்டாலும் தானாக வெளியே வந்துவிட வேண்டும். “எல்லாரும் கத்துக்கத்தானே வந்திருக்கோம், அடுத்தவனும் ஆடணும்ல,” என்பார். கட்டாயப்படுத்த மாட்டார். அதனால் சிலர் ஐம்பது வந்ததும் காது கேட்காதவர்கள்போல ஆடிக்கொண்டே இருப்பார்கள். அவர்களையும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அண்ணன் ஒருமுறை பெவிலியன் பக்கம் பார்த்தான். கோச் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அண்ணன் கையுறைகளைக் கழற்றினான். நூறு அங்கே கேட்பாரற்றுக் கிடந்தது. அதை விட்டுவிட்டு நடந்து வந்தான். விதிப்படி இப்படி வந்தவனும் அவுட்தான், திரும்ப ஆட முடியாது. அடுத்துப் போனவன் ‘வாண்டு’ என்று நாங்கள் கூப்பிடும் பையன். அந்த ஓவரிலேயே ஸ்டம்பு பறந்தது.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன்.

“ஏன்டா வந்த? பந்து பூசணிக்காய் சைஸுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

“அடுத்தவன் காலையிலேர்ந்து பேடு கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்.”

“கோச் பார்க்கக்கூட இல்ல.”

“அவர் பார்க்கணும்னு வந்தேனா? ரெண்டாவது இன்னிங்ஸ் இருக்குல்ல. அன்னைக்குத்தான் செலக்டரும் வர்றாரு. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத.”

இரண்டாம் நாள் முழுக்க எதிரணி ஆடியது. மூன்றாம் நாள் காலை ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் எங்கள் பெரிய அணியின் ஆட்டக்காரர். கணுக்கால் காயம் ஆறிவிட்டதாம். அடுத்த பெரிய ஆட்டத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் களத்தில் நிற்க வேண்டுமாம். இந்தப் போட்டியில் அது நடக்கும். மேலேயிருந்து ஒருவர் வந்தால் ஆட்டத்தின் நடுவிலேயே சேரலாம், இரண்டு கேப்டன்களும் சம்மதித்தால் போதும். அவருக்குப் பதில் ஒருவன் வெளியேற வேண்டும்.

மைதானத்தில் நிழல் என்றால் என் கொட்டகையின் நிழல்தான். கோச் எல்லோரையும் அங்கே கூட்டினார்.

“வாண்டு முதல் இன்னிங்ஸ்ல முட்டை. அவனை உட்கார வைக்க மனசு வரல,” என்றவர் அண்ணனைப் பார்த்தார். “உனக்குத்தான் ஐம்பது கிடைச்சிருச்சேப்பா.”

“சார், இன்னைக்கு செலக்டர்…”

“தெரியும், தெரியும். நானே அவர்கிட்ட பேசுறேன். இவன் எப்படிப்பட்ட பையன்னு சொல்றேன்.”

“தாத்தாவுக்கு பென்ஷன் குடுத்துட்டாங்கடா!” என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை. இல்லை, ஒருவன் சிரித்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணன், “சரி சார்” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அண்ணனின் சட்டை எண் பதினேழைத் தொடக்க ஆட்டக்காரன் இடத்தில் காலையிலேயே மாட்டியிருந்தேன். வந்தவருடையது எழுபத்தொன்று. நான் புதுத் தகடு தேட வேண்டியிருக்கவில்லை. தொங்கிய ஒன்றையும் ஏழையும் இடம் மாற்றி மாட்டினேன்.

செலக்டர் உணவு இடைவேளைக்குப் பிறகு வந்தார். கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டுக் கையில் டீயோடு கொட்டகைப் பக்கம் ஒதுங்கினார்.

“அந்த ஓப்பனர் பையன் எங்கம்மா? இன்னைக்கு ஆடுறான்னு சொன்னாங்களே.”

“தண்ணி கொண்டுபோறாரே சார், அவர்தான்.”

செலக்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “காயமா?”

“இல்ல சார். சீனியர் வந்ததால இவரை எடுத்துட்டாங்க.”

“முதல் நாள் எப்படி அவுட்?”

“அவுட் ஆகல சார். ஐம்பது அடிச்சுட்டு தானா வந்தாரு.”

“தானாவா?” டீயை ஒரு வாய் குடித்தார். “ஐம்பதுல போதும்னு நினைக்கிறவனை மேல கொண்டுபோய் நான் என்னம்மா பண்றது?”

“போதும்னு நினைக்கல சார். இங்க அப்படி ஒரு வழக்கம்.”

“எல்லாரும் வந்துடுவாங்களா?”

ஐம்பதில் வெளியே வராமல் ஆடியவர்களில் இரண்டு பேர் இதே சீசனில் மேலே போய்விட்டார்கள். அவர்கள் நூறைத் தாண்டியபோது தகடு மாட்டியவள் நான்தான். அதற்குள் ஒரு விக்கெட் விழுந்தது. நான் தகடுகளைத் தேட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது காலி டம்ளர் மட்டும் இருந்தது. கோச் அவரிடம் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. பேசியதை நான் பார்க்கவில்லை.

எழுபத்தொன்றாம் எண் ஐம்பதைத் தாண்டியது. அவர் வெளியே வரவில்லை, வருவார் என்று யாரும் நினைக்கவும் இல்லை. நூறு அடித்தபோது எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அண்ணன் மாற்றுக் கையுறைகளை எடுத்துக்கொண்டு ஓடினான். அவர் வியர்வையில் நனைந்த ஜோடியைக் கழற்றி இவன் கையில் கொடுத்தார்.

ஆட்டம் டிராவில் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அண்ணன் கிட் பையோடு கொட்டகைக்கு வந்தான். நான் ஏணியில் நின்றபடி தகடுகளைக் கழற்றிக் கொடுக்க, அவன் வாங்கி எண் வரிசையில் அடுக்கினான்.

“செலக்டர் உன்கிட்ட ஏதோ பேசிட்டிருந்தாரே.”

“ம்.”

“என்ன கேட்டாரு?”

“காயமான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“இல்லன்னேன்.”

அவன் சிரித்தான். “லூசு. ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல? காயம்னா, ஆறினதும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்பாங்க. இப்ப என்னத்துக்குக் கூப்பிடுவாங்க?”

மீதியை நான் சொல்லவில்லை. சொல்லாதது சரிதானா என்று இப்போதும் தெரியவில்லை.

“மாமா கடையில நிக்கவே விடமாட்டாராமே, ஓடிக்கிட்டே இருக்கணுமாமே,” என்றான் தகடுகளைப் பார்த்துக்கொண்டே. பிறகு, “உனக்கு வகுப்பு இல்ல?”

“இன்னைக்குப் போகல.”

“போ. இதெல்லாம் நான் அடுக்கி வெச்சுட்டு வர்றேன். நீயாவது பாதியில எழுந்து வராத.”

போனேன். வாசல் கேட்டருகே நின்று திரும்பிப் பார்த்தேன். போர்டில் எண்கள் எதுவும் இல்லை, ஆணிகள் மட்டும் இருந்தன. கொட்டகைக்குள் அவன் இருக்கிறானா, என்ன செய்கிறான் என்று தெரியவில்லை. அந்த இடுக்கு உள்ளேயிருந்து பார்ப்பதற்குத்தான். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் இருட்டு.