கோழிவலை டிஷ்

"சித்தப்பா, அதுல கைய வெக்காதீங்க" என்று உமாதேவி ஓடி வருவதற்குள் தசரதன் டிஷ்ஷின் ஒரு காலைத் தூக்கிவிட்டிருந்தார். மற்ற இரண்டு கால்களையும் பக்கத்து வீட்டு ஆட்கள் பிடித்திருந்தார்கள்.

"வெக்காம இன்னாம்மா பண்றது? பன்னண்டு அடிக்கு வாசல அடச்சிக்கினு கீது. உங்கப்பாவ எந்தப் பக்கம் எடுத்தும் போவ?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வாசல் முழுக்க அந்த டிவி டிஷ்தான். அப்பா ரகுபதி இரும்புப் பட்டையை வளைத்து, தானே வெல்டிங் வைத்து, கோழிவலை அடித்துச் செய்தது. தை மாதம் வேலை தொடங்கியபோது மண்ணூர் கிராமமே சிரித்தது. "இன்னா ரகுபதி, கோழி வளக்கப் போறியா?" ஆவணியில் படம் தெரிந்ததும் அதே வாய்கள்தான் கனெக்‌ஷன் கேட்டு வந்து நின்றன. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இப்போது கூடத்தில் இருக்கும் ரிசீவர் பெட்டியிலிருந்துதான் நாற்பது வீடுகளுக்கு ஒயர் போகிறது. இன்று விடிகாலை அந்தப் பெட்டியின் முன்னால்தான் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிணம் எடுக்கும்வரை தெருவில் டிவி ஓடக்கூடாது என்பது வழக்கம். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உமாதேவி பெட்டியின் சுவிட்சை அணைத்ததும் நாற்பது வீட்டிலும் படம் நின்றது.

"சரி, தூக்குங்க" என்றாள்.

டிஷ் சுவரைப் பார்த்தபடி ஓரமாக நின்றது. டிஷ்ஷைத் தாங்கும் கம்பத்தின் போல்ட்டுகளில் எல்லாம், கோணம் மாறினால் தெரிய, அப்பா சிவப்புப் பெயின்டால் அடையாளம் வைத்திருந்தார். கால்கள் ஊன்றிய தரையில் மட்டும் வைக்கவில்லை. இதைப் போய் யார் நகர்த்துவார்கள் என்று நினைத்திருப்பார், பாவம்.

உள்ளே அம்மா காந்திமதி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. மாரடித்து அழுத பெண்களெல்லாம் ஓய்ந்து காப்பி குடித்துவிட்டார்கள்.

"எப்டியாவது அழ வெச்சிடு புள்ள" என்று எதிர்வீட்டு செந்தாமரை உமாதேவியின் காதில் சொன்னாள். "உள்ளயே வெச்சிக்கினா நெஞ்ச அடைச்சிக்கும். எங்க மாமியா அப்டித்தான், மாமனாரு செத்த மூணாம் நாளே போச்சி."

ஒரே வாரத்தில் இரண்டு பேரையும் பறிகொடுக்க உமாதேவியால் முடியாது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது பார்த்தாள். அப்பாவின் சட்டையை மடியில் வைத்துப் பார்த்தாள். அம்மா அதை மடித்து ஓரமாக வைத்தாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பறைச் சத்தம் ஏரிக்கரைப் பக்கம் தேய்ந்துபோனது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்குக் குளித்து, கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கேற்றினார்கள். அம்மா ஈரத்தலையோடு விளக்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

உமாதேவி வாசலுக்கு வந்தாள். டிஷ் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதை அப்படிப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. கூடத்துக்குப் போய்ப் பெட்டியைப் போட்டாள், டிவியைப் போட்டாள். திரையெல்லாம் புள்ளி, ஒரே இரைச்சல்.

"இன்னா புள்ள நீ? காட்டுக்குப் போனவங்க இன்னும் வூடு திரும்பல. அதுக்குள்ள டிவியா?" என்றாள் செந்தாமரை.

"டிவி பாக்கறதுக்கு இல்லக்கா" என்றாள் உமாதேவி. வாசலுக்கு வந்து டிஷ்ஷின் ஒரு காலைப் பிடித்தாள். "அந்தக் கால கொஞ்சம் புடிங்க."

இரண்டு பேருமாக இழுத்து, பழைய இடத்தில் தோராயமாக நிறுத்தினார்கள். முணுமுணுத்துக்கொண்டே செந்தாமரை வீட்டுக்குப் போனாள். உமாதேவி தனியாக டிஷ்ஷின் விளிம்பைப் பிடித்தாள்.

முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சாட்டிலைட். பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும் என்று அப்பா சொல்வார். "அதுவாவது ஒரு எடத்துல நிக்குதே. நீயும் கீறியே" என்பாள் அம்மா. இங்கே விரலளவு தப்பினால் அங்கே ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்க்கும். அதனால் காற்றடித்த மறுநாளெல்லாம் அப்பா வாசலில் நின்று திருப்புவார், அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியாக "வரலய்யா, வருதுய்யா" என்று குரல் கொடுப்பாள். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களில்கூட அந்தக் குரல் நின்றதில்லை.

உமாதேவி அப்பா குறிவைக்கும் ஏரிக்கரைப் பனைமரத்து நேருக்குக் கொண்டுவந்தாள். இரைச்சல். கொஞ்சம் கிழக்கே தள்ளினாள். இரைச்சல்தான். வலையின் முனை உள்ளங்கையைக் கிழித்தது. தூக்கினாள், இறக்கினாள். கை வலித்தது. விட்டுவிடலாம் என்று தோன்றியது.

"இன்னும் கொஞ்சம் கெழக்க."

கரகரத்த குரல் ஜன்னல் வழியாக வந்தது. உமாதேவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினாள்.

"ஆங்... மெதுவா. கொஞ்சம் மேல தூக்கு."

தூக்கினாள். இரைச்சல் அறுந்து, புரியாத மொழியில் ஏதோ ஒரு பெண் பேசுவது கேட்டது.

"வருதுய்யா" என்றாள் அம்மா. "அப்டியே புடி. வுட்ராதய்யா."

அதன் பிறகு உள்ளே அந்தப் பெண்ணின் குரல் மட்டும் கேட்டது. அப்புறம் அதையும் மீறிக்கொண்டு அம்மாவின் அழுகை எழுந்தது. செந்தாமரை தெருவைத் தாண்டி ஓடி வந்து வீட்டுக்குள் நுழைந்தாள்.

உமாதேவிக்கும் உள்ளே போக வேண்டும். போல்ட்டை முறுக்க வேண்டிய ஸ்பேனர் கையெட்டாத தூரத்தில், மாட்டுக்கொட்டாய் ஓரமாகக் கிடந்தது. அவள் இரண்டு கையாலும் டிஷ்ஷை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.