துப்பாக்கிக்கு ஒரு நற்சாட்சி

நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் பதினாறு வருஷமாகக் குடியிருக்கும் சாரதாவுக்கு நாற்பத்தேழாவது வயதில் துப்பாக்கி வாங்கும் ஆசை வந்தது. இந்தக் காலத்துத் துப்பாக்கி இல்லை. சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசி, பொறி பறந்து, அதில் வெடிமருந்து பற்றி வெடிக்குமே, அந்தப் பழைய மாதிரி. ஃப்ளின்ட்லாக்.

மகன் முகிலனின் ஸ்கூல் ட்ரிப்புக்குத் துணையாகப் போன இடத்தில்தான் அமெரிக்க விடுதலைப் போரை நடித்துக் காட்டும் குழுவை முதலில் பார்த்தாள். முகிலன் மறுநாளே மறந்துவிட்டான். சாரதா போய்ச் சேர்ந்துகொண்டாள். மூன்று வருஷம் நீளப் பாவாடை கட்டி, கூடாரத்து அடுப்பில் பீன்ஸ் சூப் கிண்டினாள். ஆபீஸில் நாள் முழுக்க எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அந்தப் புகை பிடித்திருந்தது. நாலாவது வருஷம் குழுத் தலைவர், "அடுப்படி போதும், சிப்பாய் வரிசையில் நிற்கிறாயா?" என்று கேட்டார். நிற்பதென்றால் சொந்தத் துப்பாக்கி வேண்டும். குண்டு போடுவதில்லை, வெறும் மருந்துதான். சத்தமும் புகையும் மட்டுமே.

என்றாலும் நியூ ஜெர்சியில் அதற்கும் போலீஸ் கொடுக்கும் கார்டு தேவை. அப்ளிகேஷனில், உறவில்லாத இரண்டு பேர் உனக்காக நற்சாட்சி சொல்ல வேண்டும், அவர்களுக்குப் போலீஸ் மெயிலில் கேள்விகள் அனுப்பும் என்றிருந்தது. முதல் பெயர் சுலபம். ஆபீஸ் தோழி ஜெபராணி சிரித்துக்கொண்டே சரி என்றாள். இரண்டாவதுக்குத்தான் சாரதா கால் மணி நேரம் யோசித்தாள். தமிழ்ச் சங்கத்தில் யாரிடம் சொன்னாலும் மறுநாள் வாட்ஸாப்பில் ஊர்வலம் போய்விடும். வாயைத் திறக்காதவர் ஒருவர்தான். ருக்மிணி அக்கா.

ருக்மிணி அக்காவின் தம்பி வெள்ளியங்கிரி, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் டெக்சஸில் ஒரு பெட்ரோல் பங்க்கில் சுடப்பட்டுச் செத்துப்போனான். தகவல் வந்த அன்றைக்கு அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் சாரதாதான். தெரிந்தேதான் அந்தப் பெயரை எழுதினாள். கேட்கவில்லை. 'அக்கா மெயிலே பாக்க மாட்டாங்க, பதில் வரலைன்னா வேற பேர் குடுத்துக்கலாம்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

மூன்றாவது வாரம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஃபோன். இரண்டு பேரும் பதில் அனுப்பிவிட்டார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். "ரெண்டு பேருமா?" என்று சாரதா இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல ருக்மிணி அக்கா கோயிலுக்குச் சாரதாவின் காரில்தான் வந்தார். போகும்போது முருங்கைக்காய் விலையைப் பற்றிப் பேசினார். வரும்போது முட்டிவலியைப் பற்றி. மெயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாரதாவும் கேட்கவில்லை. இறங்கும்போது அக்கா, "பாத்துப் போ, சாரதா" என்றார். எப்போதும் சொல்வதுதான். அன்றைக்கு அது சுருக்கென்று தைத்தது.

கார்டு வந்தது. வேண்டாம் என்று விட்டிருக்கலாம். ஆனால் ஒரு சனிக்கிழமை காலை, கணவன் நஞ்சுண்டனைக் கூட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் மேற்கே, பழைய மாதிரித் துப்பாக்கிகள் விற்கும் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

கடைக்காரப் பெண்மணி மூன்று துப்பாக்கிகளை மேஜையில் வைத்தார். முதலாவது ஆங்கிலேயப் பட்டாளத்து மாதிரி. தூக்கி நிறுத்தினால் சாரதாவின் நெற்றிக்கு வந்தது, தோளில் வைத்ததும் குழாய் முனை தரையைப் பார்த்துச் சாய்ந்தது. குட்டையான இரண்டாவது, வரிசையில் பின்னால் நின்று சுடும்போது முன்னால் நிற்கிறவர் காதுக்கு ஆபத்து என்று அவரே ஒதுக்கிவிட்டார். மூன்றாவது பிரெஞ்சு மாதிரி. மூன்று இரும்புப் பட்டைகள் குழாயைக் கட்டையோடு கவ்வியிருந்தன. கட்டை கன்னத்தில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது.

"மருந்து இல்லை. விசையை இழுத்துப் பாருங்கள். பொறி விழவில்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்" என்றார் கடைக்காரப் பெண்மணி.

சாரதா இழுத்தாள். கல் உரசி, மத்தாப்புப்போலப் பொறி கொட்டியது. அவளையறியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். மறு நொடியே, மடியில் கிடந்த அக்காவின் தலை ஞாபகத்துக்கு வந்தது. சிரிப்பு நின்றது. ஆனாலும் "இதுதான்" என்று சொன்னாள்.

திரும்பும் வழியில் காரை ஓட்டிய நஞ்சுண்டன் கேட்டான்: "ஜெபராணி சரி. இன்னொரு ரெஃபரன்ஸ் யாரு?"

சொன்னாள்.

அவன் ஹைவேயிலிருந்து இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டான். "ருக்மிணி அக்கா பேரையா போட்ட? கேட்டியா அவங்கள?"

"இல்லீங்க."

"ஏன்?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவாங்கன்னு."

அவன் வீட்டுக்குத் திரும்பாமல் ருக்மிணி அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினான். "நீ இறங்கு. துப்பாக்கியோட இங்க நிக்கக் கூடாது. நான் வீட்டுல வெச்சுப் பூட்டிட்டு வரேன்."

ருக்மிணி அக்கா கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "வாங்கிட்டியா?" என்றார்.

"அக்கா, நான் பண்ணினது தப்பு. கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அதான நீ கேக்கல?" அக்கா சோபாவில் உட்கார்ந்தார். குரல் உயரவில்லை. "ரெண்டு நாள் அந்த மெயிலைத் தொறந்து தொறந்து மூடினேன். இவ கையில துப்பாக்கி இருந்தா யாருக்காச்சும் ஆபத்தா, கோவக்காரியா, குடிப்பாளா… வரிசையா கேள்வி. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டேன். பொய் எழுத வரல எனக்கு. என் வெள்ளியங்கிரியைச் சுட்டவனப் பத்தி யாராச்சும் யாரையாச்சும் இப்படி ஒரு வார்த்தை கேட்டாங்களான்னு நெனச்சேன். அனுப்பிட்டுக் கராஜ்ல போய் உக்காந்துட்டேன், சாரதா. உங்க மாமா வந்து எழுப்பற வரைக்கும்."

சாரதா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். "திருப்பிக் குடுத்துடறேன் அக்கா. திங்கக்கிழமையே."

"வேண்டாம். திருப்பிக் குடுத்துட்டு அந்தப் பாரத்தையும் என் தலையில வைக்காத. ஆசைப்பட்டு வாங்கினது, வெச்சுக்க. அது இருக்கற வீட்டுக்கு நான் வர மாட்டேன். அவ்வளவுதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அக்கா எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடிப்பதற்குள் சாரதாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மே மாதம் வரிசையில் நின்று சுட்டாள். மூன்று முறையும் நன்றாகவே வெடித்தது. கூட்டம் கைதட்டியது. தலைவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவள் சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

சொன்னபடியே அக்கா பிறகு வரவில்லை. கொலுவுக்குக்கூட வரவில்லை, சுண்டலைச் சாரதாதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். கோயிலுக்கு வேறொருவர் காரில் போகிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் செய்வார். நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி.

"பூட்டி வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன் அக்கா."

"சாவி?"

"என்கிட்டதான்."

"சரி, சொல்லு. முகிலன் எப்படி இருக்கான்?"