வயிற்று வலி என்று சொல்

எங்கள் சிறப்புப் பள்ளி வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். எதையும் நூறு முறை சொல்லித்தான் பதிய வைக்க வேண்டும். அவர்களில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்திக்குக் கண்டக்டர் என்று பட்டப்பெயர். யார் உள்ளே வந்தாலும் காகிதத்தைக் கிழித்துக் கையில் திணித்து, "உள்ள போ, உள்ள போ" என்று தள்ளுவாள். தலைமையாசிரியைக்கும் அதே மரியாதைதான்.

உடலைப் பற்றிய பாடம் என் பொறுப்பு. ஆள் உயரத் துணியில் உருவம் வரைந்து சுவரில் மாட்டியிருந்தேன். எங்கே வலிக்கிறதோ அங்கே சிவப்பு வட்டத்தை ஒட்டி, பெயரையும் சொல்ல வேண்டும். பல்லுக்கும் காதுக்கும் வித்தியாசம் பிடிபட அவளுக்கு நான்கு மாதம் ஆனது. வயதுக்கு வந்ததும், "ரத்தம் வருது, மாத்தணும்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தேன். அது சீக்கிரம் வந்துவிட்டது. பேருந்தில் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே அவள் அம்மா வந்து நின்றார்.

"பஸ்ஸு முழுக்க ஆம்பளைங்க டீச்சர். இவ நிஜ கண்டக்டர்கிட்டயே போய்ச் சொல்றா. எனக்கு உசுரே போயிடுச்சு."

"சொல்லத் தெரிஞ்சிருக்கேம்மா, நல்லதுதானே?"

"உங்களுக்கு நல்லது. நாளைக்கு அதே பஸ்ஸுல ஏறப்போறது நான். வயித்து வலின்னு சொல்லக் கத்துக்குடுங்க. நாமெல்லாம் அப்படிச் சொல்லித்தானே வளந்தோம்?"

தலைமையாசிரியையும் அவர் பக்கமே பேசினார். "ஒரு வார்த்தைக்கு எதுக்கு இவ்ளோ மல்லுக்கட்டு?"

"நிஜமாவே வயிறு வலிச்சா என்ன பண்ணுவா மேடம்?"

"அப்பவும் சொல்லுவா. விடுங்க."

விட்டேன். விட்டதோடு நிற்கவில்லை, மூன்று வாரம் உட்கார்ந்து, பழையதை மறக்கடித்துப் புதியதைப் பழக்கினேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்கு வழக்கமில்லை.

சில மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, கண்டக்டர் உள்ளே வரும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"வயித்து வலி."

"ஆரம்பிச்சுட்டியா ராசாத்தி, வா" என்று ஆயாம்மா கழிவறைக்கு அழைத்துப் போய், நாப்கின் வைத்துவிட்டு வந்தார்.

"வந்திருக்கா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. வலி முன்னாடி வரும், அது பின்னாடி வரும். உங்களுக்குத் தெரியாததா டீச்சர்?"

பதிவேட்டைப் புரட்டினேன். போன முறை ஆகிப் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. சிலருக்கு முன்னே பின்னே ஆகும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு தேதியைக் குறித்தேன். அன்று அவள் பதினொரு முறை சொன்னாள். சரியாகச் சொன்னால் உடனே கைதட்ட வேண்டும் என்பது எங்கள் பயிற்சி முறை. பதினொரு முறையும் கைதட்டினேன்.

செவ்வாயன்று அம்மா வெந்நீர்ப் பை கொடுத்தனுப்பினார். புதனன்று வாந்தி, கொதிக்கிற காய்ச்சல். அவள் அம்மாவும் நானும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடல்வால் வெடித்து, வயிறெங்கும் சீழ்.

"எத்தனை நாளா வலி?" என்றார் டாக்டர்.

"மூணு நாளா" என்றேன்.

"மூணு நாளா? பொண்ணு வாயத் தொறந்து சொல்லலையா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சொன்னா டாக்டர்" என்றார் அம்மா.

பிழைத்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து வகுப்புக்குக் கூட்டி வந்தபோது, அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன வேணாலும் சொல்லட்டும் டீச்சர், எவன் முன்னாடி வேணாலும் சொல்லட்டும். பழையபடியே கத்துக்குடுங்க."

மறுபடி ஆரம்பித்தேன். கண்டக்டர் உருவம் வரைந்த துணியின் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் அலமாரிக் கதவு அவள் விரலை நசுக்கிவிட்டது. நகம் பாதி பெயர்ந்து ரத்தம் சொட்டியது. ஓடிப்போய், "எங்க வலிக்குதும்மா?" என்று கேட்டேன்.

கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"வலிக்கல" என்றாள், திக்காமல், தெளிவாக.

"பரவாயில்லையே, ஆபரேஷனுக்கு அப்புறம் தைரியசாலி ஆயிட்டா" என்று ஆயாம்மா சிரித்தார்.

நான் அந்தக் கையை முன்னால் இழுத்து, மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒவ்வொரு விரலுக்கும் அவள் "வலிக்கல" என்றாள்.