தள்ளாட்டம்

கிரேன் ஓட்டுநர் வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டவரில்லை. ஆனாலும் துறைமுக உணவுக்கூடத்தில், அத்தனை பேர் முன்னால், மேற்பார்வையாளர் அவரை வாயை ஊதச் சொன்னார். ஊதினார். வாடையே இல்லை.

"கொப்பளிச்சுட்டு வந்திருப்பான். நடையைப் பாருங்கய்யா!"

நடை தள்ளாடியது உண்மைதான். சில மாதங்களாகவே பஞ்சின் மேல் நடப்பது போலிருந்தது. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது. கண்ணை மூடி முகம் கழுவினால் விழப் போனார். கம்பெனி டாக்டரிடம் இரண்டு முறை போய்ச் சொல்லியும் ஆயிற்று. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வலி மாத்திரை கொடுத்து, "குடியைக் குறைங்க" என்றிருந்தார்.

அன்று மாலையே வேலை போயிற்று. வீட்டில் மனைவியின் தம்பி காத்திருந்தான்.

"நான் சொல்லி வாங்கிக் குடுத்த வேலை மாமா. என் மானத்தைக் கப்பலேத்திட்டீங்களே!"

"வாயை மூடுடா" என்று மனைவி பாய்ந்தாள். "அவர் குடிச்சா எனக்குத் தெரியாதா?"

மறுநாள் அவளே அவரைக் கைத்தாங்கலாகப் பொது மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த டாக்டரம்மா முதலில் நாக்கை நீட்டச் சொன்னார். அது சிவந்து, கண்ணாடி போல் வழவழவென்றிருந்தது. ரத்தப் பரிசோதனையும் அவர் சந்தேகத்தை உறுதி செய்தது.

"பி12 சத்து சுத்தமா இல்ல. எவ்வளவு சாப்பிட்டாலும் உங்க குடல் அதை உறிஞ்ச மாட்டேங்குது. அதான் நரம்பு கெட்டிருக்கு. ஊசி போடணும், ஆயுசுக்கும்."

"சரியாயிடுமா?"

"கால் தேறிடும். விரல் மரத்தது முழுசாத் திரும்பாது. முன்னாடியே வந்திருக்கலாமே?"

"முன்னாடியே போனேம்மா" என்றார்.

ஊசிகள் ஏற ஏற நடை நேரானது. நேரான அன்றே கம்பெனி டாக்டரின் அறைக்குள் நுழைந்து, பரிசோதனைத் தாளை மேசைமேல் அறைந்தார்.

"கிரேன் கைப்பிடியைப் பிடிச்சா பிடிச்சதே தெரியல. இந்தக் கையால இனி எந்த கிரேன ஓட்டுவேன்?"

"வெளிய போங்க. ஆளுங்க காத்திருக்காங்க."

"காத்திருக்கட்டும். அடுத்த ஆளையாவது முகத்தைப் பாத்து வைத்தியம் பண்றீங்களான்னு பாத்துட்டுத்தான் போவேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். காவலாளிகள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தார்கள்.

வெளியே நின்ற மனைவி அவர் சட்டையைச் சரிசெய்தாள். "கோபம் தீந்துதா?"

"எங்க தீந்துது? நாளைக்கும் வருவேன்."