ஈரச் சொக்காய்

பட்டாள லாரிக்கு வழிவிட்டு மாடுகள் சாலையோரப் பள்ளத்தில் இறங்கியதும் பாய் ஒரு பக்கமாக உருண்டது. கன்னியம்மாள் முழங்காலை முட்டுக்கொடுத்து அதை நிறுத்தினாள். பாய்க்குள் அவள் புருஷன் வீராசாமி இருந்தான்.

வண்டி பாடி கிராமத்தைத் தாண்டி அம்பத்தூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் வெள்ளானூர் போய்ச் சேரவேண்டும். அதுதான் அவன் பிறந்த ஊர், அவளுக்கும் அதுவே ஊர். பிழைப்புக்காக மட்டும் பேசின் பாலத்தருகே, கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மில் புகை, மறுபக்கம் உப்புப் படகும் விறகுப் படகும். சமைத்த சோற்றில்கூடச் சில நாள் கால்வாய் நாற்றம் அடிக்கும். வீராசாமி அங்கே ஒரு விறகுப் படகுக்குத் தண்டல்; அவன் சொல்படிதான் மற்ற ஆட்கள் கழி ஊன்றுவார்கள்.

நேற்றுக் காலை சவுக்குக் கட்டையோடு வந்த படகு மதகுக்குப் பக்கத்தில் மூழ்கியது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். வீராசாமி கட்டைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டான். தண்டல் குடித்துவிட்டுப் படகை மதகுச் சுவரில் மோதவிட்டான் என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். "இல்லீங்க, அவரு குடிக்க மாட்டாருங்க" என்று கன்னியம்மாள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. எல்லாப் பெண்டாட்டிகளும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதுபோல் அவர் பார்த்தார்.

ஆனால் அவன் நிஜமாகவே குடிக்கமாட்டான். பக்கத்துக் குடிசையிலிருந்து சாராய வாடை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு கால்வாய் ஓரம் போய்ப் படுப்பான். "அந்த நாத்தத்துக்கு இந்த நாத்தம் தேவல" என்பான்.

வண்டிக்குப் பின்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு துலுக்கானம் நடந்து வந்தான். கன்னியம்மாளின் தம்பி. அம்மா செத்தபிறகு இடுப்பில் தூக்கிச் சுமந்து அவள் வளர்த்தவன். அவள் கேட்டுக்கொண்டதற்காகத்தான் வீராசாமி அவனைப் படகில் சேர்த்துக்கொண்டு, கழி ஊன்றுவதிலிருந்து சேற்றில் மாட்டிய படகை மீட்பதுவரை எல்லாம் சொல்லிக்கொடுத்தான். நேற்று அவனும் படகில் இருந்தான். தப்பி வந்தவனைக் கட்டிக்கொண்டு அவள் அழுதாள். புருஷன் போனாலும் தம்பியாவது பிழைத்தானே என்று ஒரு கணம் நினைத்ததும் உண்டு.

மடியில் ஏதோ ஈரம் உறைத்தது. வீராசாமியின் உடுப்பை மூட்டையாகக் கட்டி அவளிடம் கொடுத்திருந்தார்கள். காயப்போடலாம் என்று பிரித்தாள். வேட்டியில் சேற்று நாற்றம், மில் கழிவு நாற்றம். சொக்காயை உதறினாள். குப்பென்று சாராய நெடி அடித்தது.

அவள் அதை முகத்தருகே கொண்டுபோனாள். முதுகுப்புறம் மோந்தாள், சேறு மட்டும்தான். கைகளிலும் சேறு. மார்புப் பக்கம் மட்டும் சாராயம்.

சொக்காயைத் திருப்பி மறுபடியும் மார்புப் பக்கத்தை மோந்தாள்.

"உன் தம்பிக்காவது ஒரு வழி பொறந்துச்சே, அத்த நெனச்சு மனச தேத்திக்கம்மா" என்றார் வண்டி ஓட்டிய மணவாளன், திரும்பாமலேயே. வண்டி படகு முதலாளியுடையது, அவர் முதலாளியிடம் வேலை செய்பவர். "அடுத்த படகுக்கு அவன்தான் தண்டலாம். மொதலாளியே சொல்லிட்டாரு."

கன்னியம்மாள் சொக்காயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

அம்பத்தூர் ஏரிக்கரையில் மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போனார் மணவாளன். கன்னியம்மாள் வண்டியை விட்டு இறங்கினாள்.

"துலுக்கானம், இங்க வா."

வந்தான். சொக்காயை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இன்னாக்கா இது?"

"மோந்து பாரு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அம்மாம் நேரம் தண்ணியில ஊறிக் கெடந்துச்சு இது. சாராயம் எப்டிடா இதுல நிக்கும்?"

"எனுக்கு இன்னா தெரியும்?"

"உனுக்குத் தெரியும். அடிப்பலக உளுத்துப் போச்சு, பாரம் தாங்காதுன்னு உன் மாமா சொல்லிகினே இருந்தாரே. ஊட்ல சோறு துன்னும்போதுகூட உன்னாண்ட சொன்னாரே. போலீசாண்ட அத்த ஏன் நீ சொல்லல?"

அவன் குனிந்து நின்றான். ஏரியில் யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டது.

"மொதலாளியோட மேஸ்திரிதான் ஊத்துனாரு" என்றான். "கரையில போட்டப்புறம். போலீசு வர்றதுக்கு முன்ன."

"நீ இன்னா பண்ணிகினு இருந்தே?"

"புட்டியப் புடிச்சிகினு நின்னேன்."

அவள் பக்கத்திலிருந்த வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இன்னாக்கா பண்றது? பலக உளுத்துச்சுன்னு சொன்னா அந்தக் கரையில எந்தப் படகுலயும் என்ன ஏத்த மாட்டாங்க. என் பொஞ்சாதி மாசமா கீறா. மாமா பூட்டாரு. குடிச்சாரு, குடிக்கல, எத்த சொன்னாலும் அவுருக்கு இனிமே இன்னா ஆவப் போவுது?"

அழுதான். சின்ன வயதில் அழுவது போலவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதான். கன்னியம்மாளின் கை தன்னையறியாமல் பாதிதூரம் போய்த் திரும்பியது.

மாடுகளைப் பூட்டியதும் அவள் ஏறிக்கொண்டாள். துலுக்கானம் பழையபடி பின்னால் போய் நின்றான்.

"பின்னால வராத" என்றாள். "முன்னாடி போய் நட. உன் மூஞ்சப் பாத்துகினே என்னால வர முடியாது."

வெள்ளானூரில் இவர்களுக்கு முன்பே சேதி வந்திருந்தது. ரயிலில் வந்த யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். பாயை இறக்கும்போதே கூட்டத்தில் "குடி" என்ற சொல் இரண்டு மூன்று இடத்தில் முணுமுணுப்பாகக் கேட்டது. வீராசாமியின் அண்ணன் முனியன் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து அவளருகே குந்தினார்.

"அந்தக் கருமத்தத் தொடவே மாட்டான்னு ஊரு பூரா சொல்லிகினு இருந்தேன். இப்டி என்னத் தல குனிய வெச்சிட்டானே, கன்னிம்மா."

அவள் வாயைத் திறந்தாள். முனியனின் கைகளைப் பார்த்தாள். மரம் வெட்டிக் காய்த்த கைகள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், துலுக்கானம் இந்த இடத்தை விட்டு நடந்து போகமாட்டான். கூட்டத்தின் கடைசியில் அவன் தலை தெரிந்தது. யாரோ அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, "நீயாவது பொழச்சியேப்பா" என்று தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டாள்.

குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, பாடையும் கட்டியாயிற்று. பறை ஓங்கி ஒலித்தது. "பொறந்த ஊட்டுக் கோடி எங்கப்பா? கூடப் பொறந்தவன் வந்து போடுப்பா" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

புருஷனை இழந்தவளுக்குக் கூடப்பிறந்தவன்தான் புதுப்புடவை போர்த்தவேண்டும். துலுக்கானம் மடிப்புக் கலையாத புடவையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தான். அவளுக்கு முன்னால் வந்து நின்று, தோளில் போடக் குனிந்தான்.

கன்னியம்மாள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போடறதுக்கு முன்ன ஒன்னு சொல்லு. உன் மாமா குடிச்சிருந்தாரா?"

அருகிலிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். முனியன் திரும்பிப் பார்த்தார். கை காட்டிப் பறையை நிறுத்தச் சொன்னார்.

"அக்கா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஆமான்னு சொல்லு, இல்ல இல்லேன்னு சொல்லு. சொல்லிட்டுப் போடு. கட்டிக்கிறேன்."

துலுக்கானத்தின் உதடு அசைந்தது. கூட்டத்தைத் தாண்டி, வேலியோரம் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற மணவாளனைப் பார்த்தான். அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என்ன சொல்லப்போகிறான் என்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

துலுக்கானம் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் இன்னும் அவன் கையை விடவில்லை. அழுத்திப் பிடிக்கவும் இல்லை.

அவன் மெள்ளக் கையை விடுவித்துக்கொண்டான். புடவையை அவள் காலருகே தரையில் வைத்தான். நிமிராமலே பின்னால் நகர்ந்து கூட்டத்துக்குள் போனான். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். இந்தத் தடவை யாரும் அவன் தோளைத் தொடவில்லை.

முனியன் புடவையைப் பார்த்தார். அவன் போன திசையைப் பார்த்தார். பிறகு தம்பியின் முகத்தருகே போய் உட்கார்ந்து, கன்னத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைப் புறங்கையால் துடைத்துவிட்டார்.

"தூக்குங்கப்பா" என்றார்.

பறை மறுபடியும் தொடங்கியது. வாசல் குறுகலானது. பாடையைத் தூக்கியவர்கள் தரையில் கிடந்த புடவையை மிதிக்காமல், ஒவ்வொருவராகக் கால் ஒதுக்கி, அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.