சுவரில் அப்பாவின் இடம்

அந்தச் சுவர் முன்னால் தெரு கூடிய அன்றைக்கு வெயிலா, மேகமா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. மேகம்தான் என்று அண்ணன் கடைசிவரை சொன்னார். என் நினைவிலோ எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். வேறு சிலதும் எனக்கு முன்னுக்குப் பின் ஆகியிருக்கலாம்.

அண்ணன் வெளியூர்ப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்காட்சிகள் வைத்துக் கொஞ்சம் பெயரும் வாங்கியிருந்தார். திரும்பி வந்து என் வீட்டு மாடியில் தங்கி, தெருப்பிள்ளைகளுக்குச் சும்மாவே வரையச் சொல்லிக்கொடுத்தார். பிறகு, மூடிக் கிடந்த சோப்பு ஆலையின் வெளிச்சுவரில், அங்கே வேலை பார்த்து இறந்துபோனவர்களை வரைய ஆரம்பித்தார்.

பலருக்கு போட்டோவே கிடையாது. வீட்டுக்காரர்கள் சொல்லச் சொல்லத் தாளில் வரைவார். மூக்கு இவ்வளவு நீளமில்லை என்பார்கள், அழிப்பார். இவர்தான் என்று வீடு ஒப்புக்கொண்ட பிறகே முகம் சுவருக்குப் போகும். பாய்லர்காரரின் மனைவியை நாங்கள் பாய்லரக்கா என்போம். கணவருடைய காதை மட்டும் வாரக்கணக்கில் திருத்த வைத்தார். சரியாக வந்த நாளில் தாளை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காதை விரலால் தடவிப் பார்த்தார்.

கடைசியாக அண்ணன் அப்பாவை வரைந்தார். அப்பா அந்த ஆலையில் விசில் ஊதி வேலை வாங்கிய மேஸ்திரி. தெருவுக்கு அவர் ‘விசில்’. வேலைநிறுத்தத்தின்போது யார் யார் முன்னால் நின்றார்கள் என்று முதலாளியிடம் சொன்னவர். அவர் சொன்ன ஆட்களுக்கெல்லாம் வேலை போயிற்று. பாய்லர்காரருக்கு அதற்கப்புறம் வேலையே அமையவில்லை.

எங்கள் வீட்டு ஒப்புதலை என்னிடம் கேட்டார்.

“அப்பா எதுக்குண்ணா? விட்டுடுங்களேன்.”

“நான் படிச்சதே அவர் சம்பளத்துல. அவர் இல்லாம இந்தச் சுவர் எனக்கெதுக்கு?”

அப்போதுதான் விளங்கியது. அந்த ஒரு முகத்துக்கு இடம் கேட்டுத்தான் அத்தனை முகங்களையும் வரைந்திருக்கிறார்.

ஆலை வாசல் கதவோரச் சுவரில் விசிலோடு அப்பா படம் வந்ததும் தெரு கூடிவிட்டது. டீக்கடைக்காரர்தான் பேச்சை எடுத்தார்.

“குறையே சொல்ல முடியாது வாத்தியாரே. அச்சு அசலா அவரேதான். அதான் கஷ்டமா இருக்கு. இப்பவும் நிம்மதியா ஒரு டீ குடிக்க விடாம முறைக்கிறாரு.”

சிலர் சிரித்தார்கள். அழித்துவிடுங்கள் என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன.

வகுப்பில் அண்ணனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிள்ளை இன்னொன்றின் படத்தைக் குறை சொன்னால், ரப்பரைக் கையில் கொடுத்து, நீயே அழி என்பார். எந்தப் பிள்ளைக்கும் மனசு வந்ததில்லை. அன்றும் வெள்ளைச் சாயத்தில் பிரஷ்ஷைத் தோய்த்து நீட்டினார்.

“யாருக்குப் பிடிக்கலையோ அவங்களே அழிச்சிடுங்க. நான் தடுக்க மாட்டேன்.”

யாரும் அசையவில்லை. டீக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். அண்ணன் முகத்தில் வகுப்பறைச் சிரிப்பு லேசாக வந்தது.

பாய்லரக்கா தன் பையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போய் பிரஷ்ஷை வாங்கினார். முதலில் விசில், பிறகு கை, தோள், கடைசியில் முகம். சுவரில் பக்கத்தில் வரைந்திருந்தவர் மேல் ஒரு சொட்டுப் படவில்லை. வாளித் தண்ணீரில் பிரஷ்ஷைக் கழுவிப் பிழிந்து அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தார்.

“எங்க வீட்டுக்காரரை நல்லா வரைஞ்சே தம்பி. அந்த நன்றி அப்படியே இருக்கு. இது வேற.”

எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தவர் மறுபடி எப்படி வரைவார்? சாயம் காயும்வரை நின்றார். அன்றிரவு தட்டின் முன் உட்கார்ந்து ஒன்றே ஒன்று சொன்னார்: “பசங்க யாரும் அழிச்சதில்லை.”

பள்ளி விடுமுறை வரை வகுப்பை நடத்திவிட்டு அண்ணன் மகன் வீட்டுக்குப் போனார். அங்கேயே காலமானார். பாய்லரக்கா இருக்கிறார், கண் மங்கிவிட்டது, என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார். டீக்கடையை இப்போது மருமகன் பார்த்துக்கொள்கிறார். அண்ணனிடம் படித்த பிள்ளைகளில் ஒருத்தி கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறாள். மற்றவர்கள் வரைவதை விட்டுவிட்டார்கள். சுவரைத் தெருக்காரர்களே வருஷா வருஷம் புதுப்பிக்கிறார்கள், கதவோர வெள்ளையையும் சேர்த்து. நான் அந்த வழியாகத்தான் கடைக்குப் போய் வருகிறேன்.